கடலில் நின்று பார்த்த புல்வெளி

நம் வகுப்புக் குழுவில் பாதிப்பேர் எழுதிவிட்டீர்கள். ஒருத்தி அண்ணையின் சைக்கிளைக் கிணற்றுக்குள் விழுத்தியதை எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி திருவிழாவில் தொலைந்துபோய், ஒலிபெருக்கியில் தன் பெயரைத் தானே கேட்டதை எழுதியிருக்கிறாள். சின்ன வயது விடுமுறை ஒன்றைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் என்றபோது எனக்கும் அது சுலபம் என்றுதான் நினைத்தேன். மூன்று தரம் எழுதி, மூன்று தரமும் அழித்துவிட்டேன். இது நான்காவது. மகளை நித்திரையாக்கிவிட்டு எழுதத் தொடங்கினேன். நடுவில் இரண்டு தரம் எழும்பிப்போய் அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

நமக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் பிள்ளை பெற்ற பிறகு, பழைய விடயங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அந்த ஓகஸ்ட் விடுமுறையைத்தான் அதிகம் எடுத்துப் பார்க்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. சண்டை முடிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. லண்டனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கிய காலம். எங்கள் வீட்டுக்கு மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரேயொரு அண்ணை. நாங்கள் சண்டிலிப்பாயில் ஒரு உறவினரின் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு வவுனியாவில் வேலை; இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். எங்கள் சொந்த ஊர் வடக்குக் கரையில். நான் அதைக் கண்டதேயில்லை. நான் பிறப்பதற்கு முன்னரே இராணுவம் அங்கிருந்தவர்களை எழுப்பி, கம்பிவேலி அடித்துவிட்டது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் சரிபாதியாக இருந்த காணி அந்த வேலிக்குள் கிடந்தது.

மாமா மூன்று பெரிய சூட்கேசுகளோடு வந்து இறங்கினார். இரண்டில் சொக்கிலேட்டும் உடுப்பும். மூன்றாவதில், நான்கு சாரங்களால் சுற்றி, கோல்ஃப் அடிக்கும் தடி ஒன்று.

"உதென்ன அண்ணை, பாம்படிக்கிற கம்பியோ?" என்று கேட்டார் அம்மா.

"தங்கச்சி, உதை இப்பிடிப் பிடிக்கக்கூடாது. விடு, விடு" என்று மாமா அதை வாங்கித் துடைத்தார்.

லண்டனில் அவர் ஒரு கோல்ஃப் கழகத்தில் உறுப்பினர். அது அவருக்குச் சும்மா பொழுதுபோக்கு இல்லை என்பது இரண்டாம் நாளே எங்களுக்கு விளங்கிவிட்டது. பக்கத்துப் புகையிலைத் தோட்டம் வெட்டு முடிந்து வெறுமையாகக் கிடந்தது. விடியக் காலையில் மாமா தொப்பியும் முகத்தில் வெள்ளைக் கிரீமுமாக அதற்குள் நின்று பந்தடித்தார். பந்து கிளுவை வேலியைத் தாண்டிப் போகும். தோட்டக்காரர் அதை எடுத்துவந்து, "ஐயா, இது உங்கடை முட்டையோ?" என்று மாமாவின் கையில் கொடுப்பார். மாமாவும் சிரிப்பார். ஆனால் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. முற்றத்தில் பாயில் பனம்பழக் களியில் செய்த பினாட்டு காய்ந்துகொண்டிருக்கும். அந்தப் பாயைச் சுற்றிச் சுற்றி நடப்பார். போனை எடுப்பார், வைப்பார்.

அவருடைய ஓய்வின்மைக்குக் காரணம் இரண்டு என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று ஒன்றுதான் தெரிந்தது. எங்கள் ஊரின் கடற்கரையில், வேலிக்குள், கோல்ஃப் திடல் ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று லண்டனில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வேலிக்குள் இருந்தவர்களும் அவர்களின் விருந்தாளிகளும் மட்டும் ஆடுகிற திடல். மாமாவோடு அதே கழகத்தில் ஆடுகிற கூட்டாளி ஒருவரும் அந்த ஓகஸ்டில் குருநகரில் தன் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் வேறு கதை இல்லை.

"கடலுக்குப் பக்கத்திலை கோல்ஃப் எண்டால் சும்மாவே மச்சான்? காத்தோடை சண்டை பிடிக்கவேணும்."

"ஒருக்காப் பாத்தாலே காணும். அடிக்கக்கூட வேண்டாம்."

அம்மா குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

மற்றக் காரணம் ஒரு தரகர். வேலிக்குள் இருந்தாலும் பரவாயில்லை, காணியின் உறுதிப் பத்திரம் இருந்தால் போதும், கரையோரக் காணிகளை ஹோட்டல் கட்டுவதற்கு வாங்க ஆள் இருக்கிறது என்று அவர் மாமாவைப் பிடித்திருந்தார். அம்மாவும் கையெழுத்து வைத்தால்தான் விற்கலாம். மாமா திரும்பிப் போக முதல் அதை முடிக்க நினைத்தார்.

"அங்கை இனி என்ன கிடக்குத் தங்கச்சி? காசாக்கினால் நீ இஞ்சை ஒரு வீடு கட்டலாம். எத்தினை வருசத்துக்கு ஆற்றையோ வீட்டிலை இருக்கப்போறாய்?"

"வீடும் கிணறும் நிக்குதோ தெரியாதே அண்ணை."

"நிண்டால்?"

"நிண்டால்..." என்று அம்மா பினாட்டைப் புரட்டப் போய்விட்டார்.

முதலில் தெருவழியாகப் போனோம். ஓட்டோவில் மாமாவும் கூட்டாளியும் நானும். ஒரு சின்னப்பிள்ளை கூட இருந்தால் காவலில் நிற்பவர்கள் அதிகம் விசாரிக்கமாட்டார்கள் என்பது மாமாவின் கணக்கு. தெரு ஓரிடத்தில் திடீரென்று முடிந்தது. குறுக்கே கம்பி, தகரம், மணல்மூட்டை. அப்பால் பற்றைக்காடு. புல்லும் இல்லை, கடலும் இல்லை. கடல் வாசம் மட்டும் வந்தது. காவலில் நின்றவர் கையால் திரும்பு என்று காட்டினார்.

மாமா இறங்கிப் போனார். பணப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். லண்டன் கோல்ஃப் கழகத்தின் உறுப்பினர் அட்டை. அவர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு நிற்க, அந்த மனிதர் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் திரும்பு என்று காட்டினார்.

அந்தத் தெருவில் நடந்துதான் மாமா பள்ளிக்கூடம் போனவர். அதை அவர் சொல்லவில்லை. அட்டையைத்தான் காட்டினார். அன்று கூட்டாளி ஓட்டோவுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு கடல்வழி. கூட்டாளியின் தமக்கையை அந்த வேலிக்குக் கிழக்கே இருந்த கரையில் ஒரு மீன்பிடிச் சம்மாட்டியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவரிடம் மெசின் பூட்டிய வள்ளம் இருந்தது. வேலிக்கு நேரே கடலில் நிற்கக்கூடாது, விலகி ஓடிக்கொண்டே போனால் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார்.

போகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். வீடு. வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலாவைத் தாங்கி நிற்கும் இரண்டு ஆடுகால், கொங்கிறீட் தூண்கள். ஒரு பலாமரம்.

"அண்ணை போனால் பந்தைத்தான் பாப்பார். நீ வடிவாப் பாக்கவேணும், என்ன? பாத்ததை எனக்கு வந்து சொல்லவேணும்."

"ஓம் அம்மா."

"பாத்ததைத்தான் சொல்லவேணும்."

அம்மா என்னிடம் கேட்டுக்கொண்ட முதலாவது பெரிய காரியம் அதுதான். அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. படத்தை மனப்பாடம் செய்தேன், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்ததைப்போல.

கரையில் வேறு பிரச்சினை. சம்மாட்டியார் என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்தார்.

"தொழிலுக்குப் போற வள்ளத்திலை பொம்பிளையளை ஏத்திறேல்லைத் தம்பி. உனக்குத் தெரியும்தானே."

"பதினொரு வயசு அத்தான்" என்றார் கூட்டாளி.

சம்மாட்டியாரின் மனைவி வலையை உதறிப்போட்டு எழும்பி வந்தார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "பெரியபிள்ளை ஆகிட்டாளோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

"பிறகென்னப்பா? உது பொம்பிளையே, உது குஞ்சு. ஏத்துங்கோ. மாதா ஒண்டும் கோவிக்கமாட்டா. மீன் படாட்டில் அந்த ரெண்டு துரைமாரையும் இறக்கிவிட்டு நீந்தி வரச் சொல்லுங்கோ."

அந்தக் கரைப் பிள்ளைகள் இரண்டு பேர் வெள்ளைப் பந்து ஒன்றைக் காலால் உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமா ஓடிப்போய் அதை வாங்கிப் பார்த்தார். உப்புத் தின்று தோல் சொரசொரத்திருந்தது. "அலையிலை வந்தது" என்றார்கள். மாமா கூட்டாளியைப் பார்த்தார். கோயிலில் திரை விலகும்போது சனங்களின் முகம் இருக்குமே, அப்படி இருந்தது இரண்டு பேரின் முகமும்.

வள்ளம் வெளிக்கிட்டது. மண்ணெண்ணெய்ப் புகையும் மாமாவின் கிரீம் வாசமும் சேர்ந்து அடித்தன. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரையையே பார்த்தபடி இருந்தேன். பற்றைக்காடு, இடிந்த சுவர், பிறகும் பற்றைக்காடு. ஒரு முனையைச் சுற்றியதும், பச்சை.

ஓகஸ்டில் எங்கள் ஊர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாடுகூட நிலத்தை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அந்த வறட்சியில், கடலின் விளிம்பு வரைக்கும், ஈரமான பச்சை. பாய் விரித்ததைப்போல மட்டமாக, நடுவில் சின்னச் சின்ன மேடுகள், ஒரு சிவப்புக் கொடி. எனக்கு முதலில் தோன்றியது, எந்தக் கிணற்றுத் தண்ணீரோ என்பதுதான். தோட்டக்காரர் மத்தியில் வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"ஐயோ மச்சான்! கொடி பாறை நுனியிலை நிக்குது. மச்சான், காத்து இடப்பக்கத்தாலை..."

"தாவன், தாவன், நீ மட்டும் பாத்தால் காணுமே?"

"ஒருத்தன் அடிக்கப்போறான். சத்தம் போடாதை."

அரை மைல் தூரத்தில் கடலில் இருந்துகொண்டு, அடிக்கிறவனுக்குக் குழப்பம் வரும் என்று சத்தம் போடாமல் இருந்தார்கள். சம்மாட்டியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பைனாகுலர் மாமாவிடமிருந்து கூட்டாளிக்கும், கூட்டாளியிடமிருந்து மாமாவுக்கும் போனது. நான் மாமாவின் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒருக்கா. இரண்டாந்தரம். மூன்றாந்தரம் இழுக்கும்போது மாமா பேச்சை நிறுத்தியிருந்தார். பைனாகுலர் கண்ணிலேயே இருந்தது, ஆனால் கொடிப் பக்கம் இல்லை. வேறெங்கோ, மெல்ல மெல்ல, ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"காணும் தம்பி, திருப்பப்போறன். அங்கை கரையிலை ஆரோ எழும்பி நிக்கிறாங்கள்" என்றார் சம்மாட்டியார்.

அப்போதுதான் மாமா அதை என் கையில் தந்தார். அது என் முகத்துக்குப் பெரியது. ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. வானம் வந்தது. கடல் வந்தது. பச்சை ஒன்று சறுக்கிக்கொண்டு போனது. வெள்ளையாக ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றதைப் போலவும் இருந்தது. அதற்குள் வள்ளம் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா படலையடியில் நின்றார். மாமா கால் கழுவாமலேயே சொன்னார்.

"ஒண்டும் இல்லைத் தங்கச்சி. நான் வடிவாப் பாத்தனான். வீடும் இல்லை, கிணறும் இல்லை, ஒரு மரமும் இல்லை. எல்லாத்தையும் மட்டமாக்கிப் புல்லுப் போட்டிருக்கிறாங்கள்."

அம்மா என்னைப் பார்த்தார். "நீ என்ன கண்டனி பிள்ளை?"

அம்மாவின் கை படலைக் கம்பைப் பிடித்திருந்த விதம் எனக்கு இன்னும் தெரிகிறது. நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பைனாகுலர் தரவில்லை என்று அழுதிருக்கலாம். கொப்பியில் இருந்த படம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வீட்டுச் சுவர் தெரிஞ்சது அம்மா. ரெண்டு ஆடுகாலும் நிக்குது."

மாமா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை.

"பிள்ளை கண்டதெண்டால் கண்டதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அம்மா கையெழுத்து வைக்கவில்லை. "பிள்ளை தன்ரை கண்ணாலை கண்டிருக்கிறாள் அண்ணை, வீடும் கிணறும் நிக்கேக்கை நான் என்னெண்டு விக்கிறது?" என்று மட்டும், ஒவ்வொரு நாளும், அதே சொற்களில் சொன்னார். "உனக்கு அண்ணையிலும் பாக்க உந்தக் குஞ்சின்ரை கதைதான் பெரிசோ?" என்று மாமா ஒருநாள் கத்தினார். இன்னும் ஒரு கிழமை இருக்க நினைத்திருந்தவர், அதற்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டார். அதன்பிறகு பதினைந்து வருடத்தில், செத்தவீடு, கலியாணவீடுகளுக்கு மட்டும் போன் எடுத்தார். ஒருதரமும் வரவில்லை.

நீங்கள் எல்லாரும் என் கலியாணத்துக்கு வந்தீர்கள். சம்பந்தம் பேசும்போது அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம், "ஊரிலை காணி இருக்கு, வீடும் கிணறும் நிக்குது, எங்களை உள்ளுக்கு விட்ட உடனை பிள்ளையின்ரை பேரிலை எழுதுவன்" என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். ஒன்றும் பேசவில்லை. இவருக்கு இதை நான் போன கிழமைதான் சொன்னேன். அவர் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நல்லாயிருக்கும் என்று எனக்கு ஏனோ பட்டது.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. "கை கழுவிட்டியோ?" என்று கேட்டால், ஈரமில்லாத கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு "ஓம்" என்கிறாள். மற்றத் தாய்மார் சிரித்துவிட்டுப் போகிற விடயம். என்னால் முடிவதில்லை. கடுமையாக ஏசிவிடுகிறேன், பிறகு அவள் நித்திரையானதும் பக்கத்தில் இருந்து யோசிக்கிறேன்.

இந்த வருடம் வேலியை ஒரு துண்டு பின்னுக்குத் தள்ளினார்கள். உரித்தாளர்கள் வந்து காணியை அடையாளம் காட்டலாம் என்று அறிவித்தல் வந்தது. அம்மாவும் நானும் மகளும் போனோம். பதினொரு வயதில் அரை மைல் தூரத்தில் இருந்து பார்த்த அந்தப் புல்லுக்கு மேலேயே நடந்தோம். தண்ணீர் விடாமல் அது எப்போதோ செத்துப் போயிருந்தது, வைக்கோல் நிறம். நடுவில் மணல் நிரப்பிய பள்ளம் ஒன்று. மகள் அதற்குள் குதித்தாள். பாம்பு இருக்கும் ஏறு, முள்ளு இருக்கும் ஏறு என்று நான் கத்திக்கொண்டே போனேன்.

அம்மா வைரவர் கோயிலின் மிச்ச அத்திவாரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் நின்றார். மற்ற இடம் போலத்தான் அதுவும். மட்டமான, காய்ந்த புல்.

"இதிலைதான்" என்றார்.

மகளுக்குக் கத்துவதை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போனேன். "அம்மா, நான் அண்டைக்கு ஒண்டையும் காணேல்லை."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். ஆடுகால் வீட்டுக்குப் பின்னாலை எல்லே நிண்டது. கடலிலை நிண்டு பாத்தால் வீடு அதை மறைக்கும். வீட்டையும் கண்டு ஆடுகாலையும் காண ஏலாது. அண்ணைக்கும் அது தெரியும்."

பதினைந்து வருடம். ஒரு கொப்பிப் பக்கத்தை நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

"தெரிஞ்சுகொண்டு ஏனம்மா என்ரை தலையிலை போட்டனீங்கள்?"

அம்மா காலால் புல்லைக் கிளறினார்.

"எங்கடை ஐயா செத்தாப் பிறகு என்னை வளத்தது அண்ணை. படிக்க வைச்சதும் அவர், கட்டிக் குடுத்ததும் அவர். அவருக்கு முன்னாலை நிண்டு மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீ சொன்ன உடனை, நான் சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சன். உனக்கு அது பாரமாயிருக்கும் எண்டு நினைக்கேல்லை. சின்னப்பிள்ளை, மறந்திடுவாய் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அம்மாவிடம் வரக்கூடாத அளவுக்கு வந்தது.

"அண்ணைக்கு எடு" என்றார் அம்மா.

"அங்கை இப்ப ஆறு மணிகூட ஆகேல்லை அம்மா."

"எடு பிள்ளை."

மணி நெடுநேரம் அடித்தது. மாமாவின் குரல் கிழவனின் குரலாக இருந்தது. யார் செத்தது என்றுதான் முதலில் கேட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. நான் எங்கடை காணிக்குள்ளை நிக்கிறன்."

"ஒண்டும் இல்லைத்தானே?" என்றார் மாமா.

"ஓம். நீங்கள் சொன்னதுதான் சரி. பிள்ளை ஒண்டும் காணேல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். அவளைப் பொய்க்காரி எண்டு உனக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது? அவளின்ரை கையிலை பைனாகுலரைக் கடைசியாக் குடுத்தவன் நான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அது மாமாவுக்குத் தெரியாது. நான் முகத்தைத் திருப்பி, மகள் எங்கே என்று பார்த்தேன். மணலுக்குள்தான் இருந்தாள்.

அம்மா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அண்ணை, அண்டைக்குச் சொல்லாததை இண்டைக்குச் சொல்லுறன். வீடு நிண்டாலும் நிக்காட்டிலும் நான் இந்தக் காணியை விக்கமாட்டன்."

மாமா சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று சரியாகத் தெரியவில்லை. "இப்ப ஆர் உன்னை விக்கச் சொல்லிக் கேட்டது?"

"கேட்டாலும் மாட்டன்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு போனுக்குள் இன்னொரு தரம் சொன்னார், முதல்தரம் சரியாகச் சொன்னோமா என்று அவருக்கே சந்தேகம் போல.